மச்சான் பிடித்த கயிறு

குரு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். சடையன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

“சாமி, பெள்ளிக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு.”

“நல்லது.”

“என் தங்கச்சி மக.”

“எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை யாரு?”

“மேல்பதிப் பையன். நல்லவனாம். புகைக்க மாட்டானாம்.”

“அதையுமா விசாரிக்கிறாங்க?”

“இப்ப அதைத்தான் சாமி முதல்ல விசாரிக்கிறாங்க.”

குரு மூங்கிலைத் திருப்பி மறுபக்கம் சீவத் தொடங்கினார்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் தாடி நரைத்திருந்தது. மலைமேல் மூங்கில் குடிசை போட்டு இருந்ததால் குருவை மூங்கில்சாமி என்பார்கள். சடையன் கீழே தேனெடுப்பவர்களின் குடியிருப்பான பதியில் பிறந்தவன். சில வருஷங்களுக்கு முன்னால், நிமிர்ந்து நடக்கத் தெம்பில்லாமல், செடியையும் வேரையும் பிடித்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தான். இங்கே கிடந்து கஞ்சாவை விட்டான். விட்ட பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை.

“பெண்ணைக் கொடுக்கிற அப்பன் பாறைத்தேன் கொடுக்கணும்,” என்றான் சடையன். “மரத்துத் தேன் செல்லாது.”

“அவ அப்பன் மாதன் பாறையில இறங்குவானா? அந்தக் காலை வெச்சுக்கிட்டு?”

“இறங்கறேன்னு சொல்லிட்டானாம்.”

“மேலே யாரு?”

அதைக் கேட்கத்தான் சடையன் வந்திருந்தான்.

அந்தப் பதியில் ஒரு வழக்கம் உண்டு. பாறையில் கயிறு கட்டி ஒருவன் இறங்கினால், மேலே கயிற்றுக்குக் காவல் இருப்பவன் அவன் மனைவியின் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி கூடாது. எவ்வளவு நெருங்கிய சிநேகிதனும் கூடாது. அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வரலாம், சிநேகிதனுக்குப் பொறாமை வரலாம். தன் தங்கையைத் தாலியறுக்க வைக்கிற அண்ணன் கிடையாது. அவர்கள் யோசித்தது அவ்வளவுதான்.

கயிறு மரத்தில்தான் கட்டியிருக்கும். ஆனால் பாறையின் விளிம்பு கத்தி போன்றது. விளிம்பில் கயிற்றுக்கு அடியில் தோலை மடித்து வைத்து, கயிறு நகரும்போதெல்லாம் தோலையும் கூடவே நகர்த்த வேண்டும். தொங்குகிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது. அதனால் மேலே இருப்பவன் பாடிக்கொண்டே இருப்பான். பாட்டு காதில் விழும்வரை கீழே இருப்பவன் தேனடையை அறுப்பான். பாட்டு நின்றால் போட்டது போட்டபடி மேலே ஏறிவிடுவான்.

அந்தப் பதியிலேயே நன்றாகப் பாடியவன் சடையன். அவன் தங்கை சிக்கியின் புருஷன் மாதன். மாதனின் கால் ஒடிந்தது சடையன் பாடிக்கொண்டிருந்தபோது.

“நான் பிடிக்கலாமா சாமி?”

“என்னை ஏன் கேக்கறே?”

“நான் மாறிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க.”

“நான் சொல்லி நம்பினா, அது என்னை நம்பறது. உன்னை இல்ல.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“கொடி வெட்டிட்டு வந்து கயிறு திரி.”

சடையன் காட்டுக்குப் போய்க் கொடி வெட்டி வந்தான். ஓடையில் ஊறவைத்தான். தட்டி நார் எடுத்தான். குடிசைக்குப் பக்கத்தில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து திரிக்கத் தொடங்கினான். குரு எதிரே உட்கார்ந்து கூடை முடைந்தார். தேனடை வைக்கிற கூடை. யாருக்கென்று அவர் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் குரு கேட்டார்.

“உங்க பதியில முதல் புகை யாரு பத்த வெச்சது?”

சடையன் தயங்கினான்.

“சொல்லு. தெரிஞ்சதுதானே.”

“திருவிழாவுக்கு வந்த பரதேசிங்க. இந்தக் குடிசை வாசல்ல உக்காந்துதான் குழாயைப் பத்த வெச்சாங்க. கூட உக்காரச் சொன்னாங்க. நாங்க உக்காந்தோம்.”

“ஆமா,” என்றார் குரு. “அவங்களுக்குப் பாய் விரிச்சது நான்.”

கூடையில் அடுத்த சுற்றை வளைத்தார்.

“அப்புறம்?”

“முதல்ல தேன் எடுத்து முடிச்சதுக்கு அப்புறம்தான் சாமி. கொட்டு வாங்கின இடம் வலிக்காது. தோள்பட்டை லேசாயிரும். உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்போம். ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. ‘புகை போட்டாத் தேனீயே அடங்குது, நாம அடங்க மாட்டமா’ன்னு எங்க பூசாரி சொல்லுவாரு. அதைச் சொல்லிச் சொல்லியே குடிப்போம்.”

“அப்புறம்?”

“இறங்கறதுக்கு முன்னாடியும் ஒரு இழுப்பு. பயம் தெரியாதுன்னு.”

“தெரியலையா?”

“தெரியல. எங்களை விட்டு முதல்ல போனது அதுதான்.”

குரு தலையாட்டினார்.

“பாட்டு?”

“பாட்டு நல்லாயிருச்சு சாமி.” சடையன் நாரைக் கீழே வைத்தான். “எல்லாரும் சொன்னாங்க. சடையன் குரல் இப்பத்தான் திறந்திருக்குன்னாங்க. பொம்பளைங்க வேலையை விட்டுட்டு வந்து கேட்டாங்க. எனக்கே கேக்கக் கேக்க ஆசையா இருக்கும். ஒரு அடியைப் பாடினா அது மலைமேல போய்த் தொட்டுட்டு வரும். அதைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

“பாட்டையா பாத்தே?”

“பாத்தேன் சாமி. அப்ப தெரியும்.”

அவன் அந்த நாளைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. குருவும் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

“தோல் நழுவினதைப் பாத்தேன். கயிறு கல்லுல தேயறதைப் பாத்தேன். ஒவ்வொரு நாரா விட்டு நிமிருது. வெயில் பட்டு மின்னுது. அவ்வளவு அழகு சாமி. அதைப் பாத்துக்கிட்டே பாடினேன்.”

“கை நீட்டணும்னு தோணலையா?”

“தோணுச்சு. யாரோ நீட்டப் போறாங்கன்னு இருந்துச்சு. யாருன்னு பாக்கலாம்னு உக்காந்திருந்தேன்.”

நாவல் இலை ஒன்று அவன் மடியில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

“நான் அங்க இல்ல சாமி. பாட்டு மட்டும்தான் அங்க இருந்துச்சு. கயிறு அறுந்த சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு அடி பாடினேன். சிக்கி கத்தினதுக்கு அப்புறம்தான் நிறுத்தினேன். கீழ அவன் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தானோ.”

“பாட்டு கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தான்,” என்றார் குரு.

மாதன் பாறையின் இடுக்கில் முளைத்திருந்த மரத்தில் விழுந்து பிழைத்தான். இடது கால் நேராகவில்லை.

பதி அந்த ஒரு நாளில் கெட்டுப்போய்விடவில்லை. சடையனுக்குத் தாங்குகிற உடம்பு இல்லை, அளவு தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுக் குழாயைப் பற்றவைத்தார்கள். அடுத்த கோடையில் இன்னொருவன் விழுந்தான். அவன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு இறங்குகிறவர்கள் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார்கள். பிறகு இறங்குவதற்கு முன் மச்சானின் வாயை முகர்ந்து பார்த்தார்கள். முகர்ந்து பார்க்கப்பட்ட மச்சான்கள் அவமானம் தாங்காமல் சண்டைக்குப் போனார்கள். புகைக்காதவர்கள்தான் அதிகமாகக் கோபித்துக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் நிறைய அண்ணன் தம்பிகளோடு பிறந்த பெண்ணைத் தேடிப்போய்க் கேட்பார்கள். கயிற்றுக்கு ஆள் நிறைய என்பார்கள். இப்போது கூடப் பிறந்தவன் இல்லாத பெண்களுக்கு முதலில் கல்யாணம் ஆயிற்று. அவர்களைக் கட்டியவர்கள் பாறைக்குப் போகவில்லை. காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். குடிசை வாசலில் திறந்து கிடந்த தேன்சட்டிகள் உள்ளே போயின. பிறகு மண்ணுக்கு அடியில் போயின. பாறையில் யாரும் பாடுவதில்லை. பாட்டைக் கேட்டால் நடக்கப்போவது எதுவோ என்று பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மலையைப் பார்க்க வருகிறவர்கள் பாறை முழுக்கக் கரிய தேனடைகள் தொங்குவதைக் கண்டு வியந்தார்கள். என்ன செழிப்பு என்றார்கள். இறங்க ஆளில்லாததால் தொங்குகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கயிறு திரித்து முடிந்த சமயத்தில் மாதன் மேலே வந்தான். ஊன்றுகோலும் வியர்வையுமாக வந்து நாவல் மரத்தில் சாய்ந்து நின்றான். குருவைக் கும்பிட்டான். பிறகு சடையனை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன மச்சான், நீயும் சாமியாராயிட்டியா? அவரைவிட உன் தாடி பெருசா இருக்கே.”

“வா மாப்பிள்ளை. உக்காரு.”

“உக்காந்தா எழுந்திரிக்க ஆள் வேணும். நின்னுக்கறேன்.”

“தண்ணி?”

“குடு. அதுல என்ன.”

சடையன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். மாதன் குடிப்பதற்கு முன் தன்னையறியாமல் அதை முகர்ந்து பார்த்தான். சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கோவிச்சுக்காதே. பழக்கமாயிருச்சு. என் சம்சாரம் கஞ்சி குடுத்தாலும் முகர்ந்துட்டுத்தான் குடிக்கறேன். அவ திட்டறா.”

“சிக்கி நல்லாயிருக்காளா?”

“நல்லாயிருக்கா. உன் பேரைத்தான் எடுக்க மாட்டேங்கறா.”

மாதன் குனிந்து கயிற்றை எடுத்தான். விரலால் நீவினான். முனையைக் கடித்துப் பார்த்தான். ஒரு புரியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப முறுக்கினான்.

“நல்ல கயிறு.”

“பாத்துப் பாத்துத் திரிச்சேன் மாப்பிள்ளை.”

“அன்னைக்கும் நல்ல கயிறுதான்.”

குரு கூடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வேற யாரையாவது நிறுத்திக்க,” என்றான் சடையன். “எனக்கு வருத்தமில்ல.”

“நிறுத்தலாம். மேல்பதிக்காரங்களே வந்து நிக்கறேங்கறாங்க. ஆனா நாளைக்கு பெள்ளி போற வீட்டுல ஒரு சண்டைன்னு வந்தா, ‘உங்கப்பனுக்குக் கயிறு பிடிக்க உன் மாமன் கூட இல்ல’ன்னு எவளாவது சொல்லுவா. அதை என் மக காலம் பூரா கேக்கணும். இந்தக் கால் என்னோட போகும். அந்தப் பேச்சு அவளோட போகாது.”

“நான் இருக்கேன் மாப்பிள்ளை.”

“இருக்கேன்னு நீதான் சொல்றே.”

சடையன் காலிச் செம்பை வாங்கிக் கீழே வைத்தான்.

“சரி, வா,” என்றான் மாதன். “நாளை மறுநாள் காலையில. ஒண்ணே ஒண்ணு.”

“சொல்லு.”

“பாடாதே.”

சடையன் திடுக்கிட்டான்.

“பாடாம எப்படி? நான் அங்க இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பாடினாலும் தெரியாதில்ல,” என்றான் மாதன்.

அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, “சாமி, கூடை நல்லா வந்திருக்கு,” என்றான்.

“உனக்குத்தான்,” என்றார் குரு.

குறித்த காலையில் பாறையில் மூன்று பேர் இருந்தார்கள். வரமாட்டேன் என்று சொன்ன சிக்கியும் வந்திருந்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. கயிறு கட்டிய மரத்தடியில் உட்கார்ந்து அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதன் புகைமூட்டப் பச்சிலைக் கட்டை இடுப்பில் செருகினான். கூடையைத் தனிக் கயிற்றில் தொங்கவிட்டான். ஒடிந்த காலை முதலில் விளிம்புக்கு வெளியே போட்டான். ஒரு கணம் சடையனின் கண்ணைப் பார்த்தான். பிறகு தலை மறைந்தது.

சடையன் தோலை நகர்த்தினான். கயிறு அசைந்தது, மறுபடி நகர்த்தினான். வாயை இறுக மூடிக்கொண்டான். அந்தப் பாறையில் இப்படிச் சத்தமில்லாமல் யாரும் இறங்கியதாக அவனுக்கு நினைவில்லை. காற்றும் தேனீக்களின் இரைச்சலும் மட்டும் மேலே வந்தன. பாட்டு தொண்டைவரை வந்து முட்டியது. விழுங்கினான்.

பச்சிலைப் புகை மேலே வந்தது. இரைச்சல் பெரிதாகி விலகியது. அடை அறுபடும் சத்தம் கேட்டது.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் பாடத் தொடங்கியது.

மாதனின் குரல்தான். மாதனுக்குப் பாட வராது. வாலிபத்தில் அவன் பாடினால், புகையே வேண்டாம், மாப்பிள்ளை பாடட்டும், தேனீ ஓடிவிடும் என்று கேலி செய்தவன் சடையன். இப்போது அந்தக் குரல் சடையனின் பாட்டைப் பாடியது. அடி மாறியது. சுருதி எங்கோ போயிற்று. புகை தொண்டையில் ஏறி இருமல் வந்தது. இருமிவிட்டு விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி பாடியது.

சடையனின் கண் நிறைந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. தோலை நகர்த்தினான். கண்ணீர் கயிற்றின்மேல் சொட்டியது.

நடுவில் ஒரு தடவை பாட்டு ஒரு வலிச் சத்தமாகி நின்றது. சிக்கி எழுந்துவிட்டாள். பிறகு குழறலாக மறுபடி தொடங்கியது.

கூடை முதலில் மேலே வந்தது. அடையிலிருந்து தேன் வழிந்துகொண்டிருந்தது. பிறகு மாதனின் கை வந்தது. சடையன் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மேலே போட்டான்.

மாதனின் உதடுகள் இரண்டும் தடித்துத் தொங்கின. நாக்கு வீங்கியிருந்தது. தேனெடுக்கிறவன் கீழே வாயைத் திறக்கவே மாட்டான். மூச்சுக் காற்றைத் தேடித் தேனீ வரும் என்பது அந்தப் பதியில் குழந்தைக்கும் தெரியும்.

அவனால் பேச முடியவில்லை. சடையனின் தோளில் ஒரு தட்டு தட்டினான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடந்தான்.

சிக்கி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டடி போய் நின்றாள். திரும்பவில்லை.

“கல்யாணத்துக்கு வந்துரு அண்ணா.”

“வர்றேன் தாயி.”

“தனியா வராதே. சாமியைக் கூட்டிட்டு வா.”

சடையன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினான். குரு அதே இடத்தில் உட்கார்ந்து இன்னொரு மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“தேன் கிடைச்சுதா?”

“கூடை நிறைய.”

“மாதன்?”

“நல்லபடியா ஏறிட்டான் சாமி.” சடையனின் முகம் வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்திருந்தது. “பாடினான் சாமி! கீழ தொங்கிக்கிட்டு என் பாட்டைப் பாடினான். எனக்காகப் பாடினான்.”

“அவனுக்குப் பாட வருமா?”

“வராது.”

“வாயைத் திறந்தா கொட்டுமே.”

“கொட்டிருச்சு. உதடு, நாக்கு எல்லாம். இன்னைக்குக் கஞ்சி கூடக் குடிக்க முடியாது.”

“தெரிஞ்சேதான் திறந்திருக்கான்.”

“ஆமா சாமி.”

“எதுக்கு?”

சடையன் சொல்ல வாயெடுத்தான். தோளிலிருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது.

“உன் மனசு வேற எங்கேயும் போயிராம, உன்னை அங்கேயே இருக்க வைக்க,” என்றார் குரு.

சடையன் கயிற்றின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நான் அங்கதான் சாமி இருந்தேன். கண்ணைக்கூட எடுக்கல.”

குரு மூங்கிலைக் கீழே வைத்தார். விழுந்த கயிற்றை எடுத்து மெதுவாகச் சுருட்டி அவன் மடியில் வைத்தார்.

“அது உனக்கு மட்டும்தான் தெரியும்,” என்றார்.